நிகழ்நேர டேட்டாவுக்கு ஒரு சீனியர் இன்ஜினியரை எடுப்பது எப்படி

ஆள் தேடக் கிளம்பும் முன் ஒரு கேள்விக்குப் பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: திரையில் தெரியும் எண் எவ்வளவு பழையதாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? 'ரியல்-டைம் வேண்டும்' என்பது இதற்குப் பதில் ஆகாது. கார்டு தேய்த்த அந்த நொடியிலேயே மோசடியைத் தடுக்க வேண்டும் என்றால் கெடு சில நூறு மில்லிசெகண்ட். தாண்டினால் பணம் போய்விடும். வண்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று வாடிக்கையாளருக்குக் காட்ட ஐந்து வினாடி தாராளம். விற்பனை நிலவரத்தை மேலாளர் பார்க்கும் டாஷ்போர்டுக்கு ஐந்து நிமிடம் போதும். அவர் அதைத் திறப்பதே நாளைக்கு நாலு தடவைதான்.

உங்கள் தேவை மூன்றாவது வகை என்றால் இந்த ஆளே வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக வந்த வரிசைகளை மட்டும் எடுத்துக் கூட்டும் வேலையை எந்த நல்ல பேக்-எண்ட் இன்ஜினியரும் எழுதிவிடுவார். அந்த இடத்தில் ஸ்ட்ரீமிங் (டேட்டா வர வரக் கணக்கிடும் முறை) நிபுணரை உட்காரவைத்தால் அவர் தனக்குக் கைவந்ததைத்தான் செய்வார். ஆறு மாதத்தில் வரும் பதிவுகளை வாங்கி வரிசையாக வைத்துக் கொடுக்கும் காஃப்கா, அவற்றை வர வரக் கணக்கிடும் ஃபிளிங்க், டேட்டா வடிவங்களைப் பதிந்து வைக்கும் ஸ்கீமா ரெஜிஸ்ட்ரி எல்லாம் வந்து நிற்கும். வேலையில் சுவாரசியம் போய் அவர் கிளம்பிய பிறகு அவற்றைக் கட்டி மேய்க்க ஆள் இருக்காது.

விளம்பரத்துக்கு முன் நான்கு எண்கள்

முதல் இரண்டு வகைகளில் ஒன்று உங்களுடையது என்றால் நான்கு எண்களைத் திரட்டுங்கள். உச்ச நேரத்தில் வினாடிக்கு எத்தனை ஈவென்ட் (ஒரு விற்பனை, ஒரு கிளிக் போல நடந்த ஒன்றின் பதிவு)? ஒரு ஈவென்ட் சராசரியாக எத்தனை பைட்? ஈவென்ட் நடந்த கணத்திலிருந்து பயனர் கண்ணில் படும் கணம் வரை பி99 எவ்வளவு, அதாவது நூறில் 99 எந்த நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும்? கணக்கில் தவறு தெரியவந்தால் எத்தனை நாள் பின்னோக்கிப் போய்த் திருத்த வேண்டும்?

இந்த எண்கள் வேலையின் தன்மையையே மாற்றிவிடும். வினாடிக்கு 20,000 ஈவென்ட், ஒவ்வொன்றும் 500 பைட் என்றால் வினாடிக்கு 10 எம்பி; ஒரு நாளைக்கு 864 ஜிபி. மூன்று நகல், ஏழு நாள் சேமிப்பு என்றால் சுமார் 18 டிபி. இதற்குத் தனியாக ஒரு கிளஸ்டரும் அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆளும் வேண்டும். அதே ஈவென்ட் வினாடிக்கு 200 மட்டும் வந்தால் நாளைக்கு 9 ஜிபிகூட இல்லை. ஒற்றை போஸ்ட்கிரெஸ் சர்வர் தாங்கும். இரண்டாவது நிலையில் இருந்துகொண்டு முதல் நிலைக்கான விளம்பரம் கொடுப்பதுதான் நிறைய இடங்களில் நடக்கிறது. வந்து சேர்ந்தவர் இரண்டாவது வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்து, 'ரியல்-டைம் டேட்டா இன்ஜினியர்' என்ற ஒற்றைப் பெயருக்குள் மூன்று தொழில்கள் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். ஓடிவரும் ஈவென்ட்களைக் கூட்டி, இணைத்து, ஜன்னல் ஜன்னலாக, அதாவது நேரத்தைச் சம துண்டுகளாக வெட்டி, கணக்கிடுவது ஒன்று. கணக்கிட்டதைப் பயனருக்குச் சட்டென்று கொடுப்பது இன்னொன்று: கிளிக்ஹவுஸ், டிரூயிட், பினோ போன்ற டேட்டாபேஸ்கள், வெப்சாக்கெட் இணைப்புகள், கேஷ். புரோக்கர்களையும் (ஈவென்ட்களை வாங்கி வைத்துக் கொடுக்கும் சர்வர்கள்) கிளஸ்டர்களையும் கீழே விழாமல் ஓட்டுவது மூன்றாவது. மூன்றிலும் ஆழம் உள்ளவர் அபூர்வம். இருந்தாலும் உங்கள் பட்ஜெட்டுக்குள் வரமாட்டார். ஒன்றில் ஆழமும் இன்னொன்றில் புழக்கமும் இருந்தால் போதும் என்று முடிவு செய்யுங்கள். மூன்றாவதைப் பணம் கொடுத்து மேனேஜ்டு சர்வீஸாக வாங்கிக்கொள்ளலாம். டீம் சிறியது என்றால் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

விளம்பரத்தில் எழுத வேண்டியதும் விட வேண்டியதும்

'ஃபிளிங்கில் ஐந்து ஆண்டு அனுபவம் கட்டாயம்' என்று எழுதாதீர்கள். ஸ்பார்க் ஸ்ட்ரக்சர்டு ஸ்ட்ரீமிங்கிலோ காஃப்கா ஸ்ட்ரீம்ஸிலோ நன்றாக வேலை செய்தவர் இரண்டு மாதத்தில் ஃபிளிங்குக்கு மாறிவிடுவார், கருத்துகள் ஒன்றுதான். ஆண்டுக் கணக்கும் நம்பத்தக்க அளவுகோல் இல்லை. ஆள் தேர்வு முறைகளைப் பற்றி ஷ்மிட், ஹண்டர் இருவரும் 1998-இல் வெளியிட்ட தொகுப்பாய்வும், அதன் கணக்கைத் திருத்தி சாக்கெட் குழு 2022-இல் வெளியிட்டதும் பல இடங்களில் வேறுபடுகின்றன. அனுபவ ஆண்டுகள் வேலைத்திறனை மிகக் குறைவாகவே கணிக்கின்றன என்பதிலும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே அளவுகோலில் கேட்கும் நேர்காணல் முன்வரிசையில் நிற்கிறது என்பதிலும் இரண்டும் ஒத்துப்போகின்றன.

எழுத வேண்டியவை: மேலே சொன்ன நான்கு எண்கள், இப்போது ஓடும் சிஸ்டம் எது, அதில் எது உடைந்து கிடக்கிறது, முதல் ஆறு மாதத்தில் எது சரியாக வேண்டும், சம்பள வரம்பு, ஆன்-கால் (சிஸ்டம் விழுந்தால் எந்நேரமும் எழுந்து பார்க்கும் முறை வேலை) எத்தனை பேருக்கு நடுவே சுற்றுகிறது. 'உச்ச நேரத்தில் வினாடிக்கு 12,000 ஈவென்ட் வருகிறது. தற்போது பி99 தாமதம் 40 வினாடி, அதை 3 வினாடிக்குக் கொண்டுவர வேண்டும். பழைய டேட்டாவை மீண்டும் ஓட்ட இன்று வழி இல்லை' என்ற மூன்று வரி, பதினைந்து டூல்களின் பட்டியலைவிட நல்ல ஆட்களை இழுக்கும். உடைந்ததை மறைக்காதீர்கள். இந்தத் தொழிலில் தேர்ந்தவர்கள் உடைந்ததைச் சரிசெய்யத்தான் வருகிறார்கள்.

ஆன்-கால் விஷயத்தில் பூசி மெழுகவே கூடாது. இரவு இரண்டு மணிக்கு எழுந்திருக்க வேண்டிய வேலை என்று ஆஃபர் கையெழுத்தான பிறகு தெரிந்தால், கையெழுத்துப் போட்ட அதே கை ராஜினாமாவையும் எழுதும்.

ரெஸ்யூமேயும் முதல் போன் பேச்சும்

ரெஸ்யூமேயில் டூல் பெயர்களைத் தாண்டி வினைச்சொற்களைப் பாருங்கள். 'காஃப்கா பைப்லைன் உருவாக்கினேன்' என்று யாரும் எழுதலாம்; பயிற்சி நோட்டைப் பார்த்து அரை நாளில் ஒன்றை ஓடவிடலாம். 'மூன்று மாத டேட்டாவை நேரலையை நிறுத்தாமல் மறுபடி ஓட்டினேன்', 'லேக் ஏறியபோது காரணம் ஒற்றை கீ என்று கண்டுபிடித்தேன்', 'ஸ்கீமா மாறியபோது பழைய கன்சூமர்கள் உடையாமல் மாற்றினேன்' போன்ற வரிகள் அடிபட்டவரிடமிருந்துதான் வரும். (லேக் என்பது இன்னும் படிக்காமல் தேங்கி நிற்பது; கீ என்பது ஈவென்ட்களைப் பிரிக்கும் அடையாளம், கடை எண் போல; கன்சூமர் என்பது ஈவென்ட்களைப் படிக்கும் புரோகிராம்.) ஒரே சிஸ்டத்துடன் இரண்டு ஆண்டாவது இருந்திருக்கிறாரா என்பதையும் பாருங்கள். கட்டிமுடித்த ஆறாவது மாதத்தில் கிளம்பிவிடுபவர் தன் தீர்மானங்களின் விளைவைப் பார்த்திருக்கமாட்டார்.

முப்பது நிமிட போன் பேச்சுக்கு மூன்று கேள்வி போதும். கடைசியாக வேலை செய்த சிஸ்டத்தில் வினாடிக்கு எத்தனை ஈவென்ட் வந்தது, தாமதம் எவ்வளவு? ஒரே ஈவென்ட் இருமுறை வந்தால் அங்கே என்ன ஆகும்? அந்த சிஸ்டம் கடைசியாக எப்போது, எப்படி விழுந்தது? முதல் கேள்விக்கு எண் சொல்லத் தெரியாதவர் அந்த சிஸ்டத்தின் ஓரத்தில் நின்றவராக இருக்கலாம். இரண்டாவதற்கு 'எக்ஸாக்ட்லி-ஒன்ஸ் ஆன் பண்ணியிருக்கோம், அதனால் வராது' என்று பதில் வந்தால் கொஞ்சம் தோண்டுங்கள். ஒவ்வொரு ஈவென்ட்டும் ஒரே ஒருமுறைதான் கணக்கில் சேரும் என்ற அந்த உத்தரவாதம், காஃப்காவில் படித்து, கணக்கிட்டு, காஃப்காவிலேயே எழுதும் வரைக்கும்தான். நடுவில் இமெயில் அனுப்பினாலோ வெளியே ஒரு பேமென்ட் ஏபிஐயை அழைத்தாலோ அது செல்லாது. அங்கே ஈவென்ட் ஐடியை வைத்து நீங்களேதான் இரட்டிப்பைத் தடுக்க வேண்டும். இந்த எல்லையைத் தானாகவே சொல்பவரை அடுத்த சுற்றுக்குக் கூப்பிடுங்கள். மூன்றாவது கேள்விக்கு 'விழுந்ததே இல்லை' என்பவரை நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

நேர்காணல்: சிஸ்டம் உடைந்த பிறகு என்ன செய்கிறார்?

நேரத்துக்கு வந்து, ஒருமுறை மட்டும் வந்து, வரிசையாக வரும் டேட்டாவை யார் வேண்டுமானாலும் கையாளலாம். தாமதமாக, இரட்டையாக, வரிசை மாறி, திடீரென்று வராமலே போகும் டேட்டாவைக் கையாளத்தான் சீனியருக்குச் சம்பளம். எல்லாச் சுற்றும் அந்த இடத்தைச் சுற்றியே இருக்கட்டும். நான்கு சுற்று போதும்; மொத்தம் ஐந்து மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

கோடிங் சுற்றுக்குத் தொண்ணூறு நிமிடம். பைனரி மரத்தைத் தலைகீழாகத் திருப்பச் சொல்வதால் இந்த வேலைக்கு ஒரு தகவலும் கிடைக்காது. 2,000 வரி உள்ள ஒரு ஃபைலைக் கொடுங்கள். வரிக்கு ஒரு ஈவென்ட்: ஐடி, கடை எண், தொகை, நடந்த நேரம். ஒவ்வொரு கடைக்கும் பத்து நிமிட ஜன்னல் வாரியாக மொத்த விற்பனையைக் கணக்கிடும் புரோகிராம் வேண்டும். ஃபைலை வரி வரியாகத்தான் படிக்க வேண்டும், முழுதாக மெமரியில் ஏற்றக் கூடாது. ஃபைலுக்குள் நீங்கள் வைக்க வேண்டிய கண்ணிகள்: நூற்றுக்கு ஐந்து இரட்டிப்பு, நூற்றுக்குப் பத்து வரிசை மாறியவை, நாற்பது நிமிடம் பிந்தி வந்த இரண்டு மூன்று, பாதியில் வெட்டுப்பட்ட ஜேசன் வரி ஒன்று, 2099-ஆம் ஆண்டு தேதியிட்ட ஈவென்ட் ஒன்று.

கடைசிக் கண்ணிதான் ஆளை அதிகம் காட்டிக்கொடுக்கும். ஜன்னலை எப்போது மூடுவது என்பதை 'இதுவரை பார்த்த அதிகபட்ச நேரத்தில் ஐந்து நிமிடத்தைக் குறைத்து வரும் நேரம்' என்று வைத்துத்தான் பலரும் எழுதுவார்கள். 'இந்த நேரம் வரைக்குமானவை வந்துவிட்டன' என்று சிஸ்டம் எடுத்துக்கொள்ளும் எல்லைதான் வாட்டர்மார்க்; அதன் வழக்கமான வடிவம் இதுவே. கடிகாரம் கெட்ட ஒரு போனிலிருந்து 2099 வந்ததும் வாட்டர்மார்க் ஒரே தாவலில் எதிர்காலத்துக்குப் போய்விடும். அதன் பிறகு வரும் ஒவ்வொரு சரியான ஈவென்ட்டும் 'தாமதம்' என்று தூக்கியெறியப்படும். எரர் வராது, கூட்டுத்தொகை மட்டும் குறையும். இதைத் தானே கண்டுபிடிப்பவர் அபூர்வம். எண் ஒத்துப்போகவில்லை என்று நீங்கள் காட்டிய பிறகு பத்து நிமிடத்தில் காரணத்தை எட்டிவிட்டாலே நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். இரட்டிப்பைத் தடுக்க ஐடிகளை ஒரு செட்டில் போட்டு வைப்பார்கள். 'இது ஒரு வருஷம் ஓடினால் மெமரி என்ன ஆகும்?' என்று கேளுங்கள். ஜன்னல் மூடியதும் அதன் ஐடிகளையும் சேர்த்துக் கழிக்க வேண்டும் என்ற பதில் வர வேண்டும்.

ஏஐ டூல்களைப் பயன்படுத்தட்டும்; வேலையிலும் பயன்படுத்தத்தான் போகிறார். ஆனால் கடைசி முப்பது நிமிடத்தில் தேவையை மாற்றுங்கள்: பிந்தி வந்ததை எறியாமல், ஏற்கெனவே வெளியிட்ட மொத்தத்தைத் திருத்தி வெளியிட வேண்டும். தான் எழுதாத, தனக்குப் புரியாத கோடை இங்கே மாற்ற முடியாது.

அடுத்தது கோட் ரிவ்யூ, 45 நிமிடம். நாற்பது வரியில் ஒரு காஃப்கா கன்சூமரை எழுதி அதில் மூன்று பிழை வையுங்கள். டேட்டாபேஸில் எழுதும் முன்பே ஆஃப்செட் கமிட் ஆகிவிடுகிறது, அதாவது 'இதுவரை முடித்துவிட்டேன்' என்ற குறி பதிவாகிவிடுகிறது. எந்த எரர் வந்தாலும் அதே மெசேஜை முடிவில்லாமல் திரும்ப முயல்கிறது. ஒவ்வொரு மெசேஜுக்கும் வெளி சர்வீஸ் ஒன்றை டைம்-அவுட் இல்லாமல் அழைக்கிறது. முதலாவதில் நடுவில் கன்சூமர் செத்தால் அந்த மெசேஜ்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும். இரண்டாவதில் ஒரே ஒரு கெட்டுப்போன மெசேஜ் அந்தப் பார்ட்டிஷனையே (காஃப்கா மெசேஜ்களைப் பிரித்து வைக்கும் வரிசைகளில் ஒன்று) அடைத்துக்கொள்ளும். அதை ஓரம்கட்டி வைக்க டெட்-லெட்டர் டாபிக் வேண்டும்.

மூன்றாவதில்தான் அனுபவம் பேசும். காஃப்கா கன்சூமர் இயல்பாக ஒரு தடவைக்கு 500 மெசேஜ் வரை எடுக்கும். அடுத்து எடுக்க வர ஐந்து நிமிடம் கெடு. வெளி சர்வீஸ் மந்தமாகி ஒவ்வொரு அழைப்பும் ஒரு வினாடி பிடித்தால் 500 வினாடி ஆகும். கெடு 300 வினாடி. கன்சூமர் செத்துவிட்டது என்று குழு முடிவு செய்து பார்ட்டிஷனை இன்னொருவரிடம் கொடுக்கும். முதல் பிழையைத் திருத்தி, எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகே கமிட் செய்தால், கமிட் ஆகாத அதே மெசேஜ்களை அவரும் முதலிலிருந்து எடுப்பார், அவரும் கெடுவைத் தாண்டுவார். எல்லா மெஷினும் மும்முரமாக ஓடும், லேக் மட்டும் ஏறிக்கொண்டே போகும். 'டைம்-அவுட்டைக் கூட்டுவேன்' என்பது அரைப் பதில். ஒரு தடவைக்கு எடுக்கும் எண்ணிக்கையைக் குறைப்பது, அழைப்புக்குக் கெடு வைப்பது, அழைப்புகளை இணையாக ஓட்டி வரிசையையும் காப்பது, இவற்றில் எதை எந்தச் சூழலில் தேர்ந்தெடுப்பார் என்று பேச வையுங்கள்.

டிசைன் சுற்றுக்கு 75 நிமிடம் ஒதுக்குங்கள். கோடிங்கில் வந்த அதே கடைக் கணக்கையே எடுக்கலாம்; இப்போது பல்லாயிரம் கடை, வினாடிக்கு 20,000 ஈவென்ட், மூன்று வினாடிக்குள் திரைக்கு வர வேண்டும். முதல் இருபது நிமிடம் குறுக்கிடாதீர்கள். கேள்வி கேட்கிறாரா, நேரடியாகப் பெட்டி வரைய ஆரம்பிக்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள். 'தவறான எண்ணைச் சீக்கிரம் காட்டுவதா, சரியான எண்ணைத் தாமதமாகக் காட்டுவதா?' என்று உங்களைத் திருப்பிக் கேட்டால் அது நல்ல அறிகுறி. பிறகு ஒவ்வொன்றாகச் சிக்கலை இறக்குங்கள்.

ஒரே கடையிலிருந்து மொத்த டிராஃபிக்கில் மூன்றில் ஒரு பங்கு வருகிறது. கீயைப் பல துண்டாகப் பிரித்துக் கூட்டி, பிறகு கூட்டியவற்றைக் கூட்டலாம் என்பார். மொத்தத்துக்கு அது சரி. 'தனித்தனி வாடிக்கையாளர் எத்தனை பேர்' என்றால் அப்படிக் கூட்ட முடியாது, ஒரே ஆள் இரண்டு துண்டிலும் இருப்பார். ஹைப்பர்லாக்லாக் போல இணைக்கக்கூடிய தோராயக் கணக்குக்குப் போக வேண்டும். பார்ட்டிஷன் எண்ணிக்கையைக் கூட்டலாம் என்று சொன்னால், இயல்பான முறையில் கீயின் ஹாஷை எண்ணிக்கையால் வகுத்துத்தான் இடம் முடிவாகிறது, எண்ணிக்கை மாறினால் அதே கடை வேறு பார்ட்டிஷனுக்குப் போகும், வரிசை குலையும் என்பது தெரிகிறதா என்று பாருங்கள். அதோடு, ஒற்றைக் கடையின் பாரம் எத்தனை பார்ட்டிஷன் இருந்தாலும் ஒன்றிலேயேதான் விழும்.

இரவில் முடிவுகள் வருவது நின்றுபோகிறது. எரர் இல்லை, பகலில் தானாகச் சரியாகிறது. எல்லாப் பார்ட்டிஷனின் வாட்டர்மார்க்கிலும் மிகச் சிறியதுதான் கணக்குக்கு எடுக்கப்படும். இரவில் ஒரு பார்ட்டிஷனில் ஈவென்ட்டே வராவிட்டால் அதன் நேரம் நகராது, ஜன்னல்கள் மூடாது. ஐடில் பார்ட்டிஷனை விலக்கிவைக்கும் அமைப்பு ஃபிளிங்கில் இருக்கிறது. இதில் மாட்டி முழித்தவர் கேள்வி முடியும் முன்பே சிரித்துவிடுவார்.

பைப்லைன் இரண்டு மணி நேரம் நின்றது. வரத்து வினாடிக்கு 20,000, அதிகபட்சமாக 25,000 கணக்கிட முடியும். எப்போது பழைய நிலைக்கு வரும்? தேங்கியது 14.4 கோடி ஈவென்ட். மீதித் திறன் வினாடிக்கு 5,000 மட்டுமே. ஆக 28,800 வினாடி, எட்டு மணி நேரம். இரண்டு மணி நேர நிறுத்தத்துக்கு ஒரு முழு வேலைநாள் பழைய எண்தான் திரையில். திறன் 40,000 என்று இருந்தால் இரண்டே மணி நேரம். கணக்கு எளிது, கேட்காமலே இதைப் போட்டுப் பார்ப்பவர்தான் சீனியர்.

மூன்று வாரத்துக்கு முன்பிருந்தே வரி தவறாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது என்று இன்று தெரிகிறது. காஃப்காவின் இயல்பான சேமிப்பு ஏழு நாள். மூல ஈவென்ட்களைத் தனியாக ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் வைத்திருந்தால்தான் திரும்ப ஓட்ட முடியும். ஓட்டும்போது நேரலைக் கணக்கு தடுமாறக் கூடாது, பழைய ஈவென்ட்களுக்காக வாடிக்கையாளருக்கு மறுபடி எஸ்எம்எஸ் போகக் கூடாது. எஸ்எம்எஸ் விஷயத்தை அவரே எழுப்புகிறாரா என்று பாருங்கள்.

நேரம் மிஞ்சினால் இன்னொரு கேள்வி, இது கடினமானது: எக்ஸாக்ட்லி-ஒன்ஸ் வேண்டும், மூன்று வினாடித் தாமதமும் வேண்டும், செக்பாயின்ட் (கணக்கின் அப்போதைய நிலையைச் சேமித்து வைப்பது) நிமிடத்துக்கு ஒருமுறை. ஃபிளிங்கிலிருந்து காஃப்காவுக்குப் பரிவர்த்தனையாக எழுதினால், செக்பாயின்ட் முடிந்த பிறகுதான் கமிட் ஆனதை மட்டும் படிப்பவர் கண்ணுக்கு அது தெரியும். ஒரு நிமிடம் வரை தாமதம். இரண்டும் சேராது. இருமுறை எழுதினாலும் விளைவு மாறாதபடி கடைசி டேபிளை அமைத்துவிட்டு, எக்ஸாக்ட்லி-ஒன்ஸைக் கைவிடுவது பெரும்பாலும் சரியான வழி.

சர்வ் செய்யும் பக்கத்துக்கு, அதாவது மேலே சொன்ன இரண்டாவது தொழிலுக்கு, ஆள் எடுப்பவர்கள் இந்தச் சிக்கல்களில் பாதியை மாற்றிக்கொள்ளுங்கள். கிளிக்ஹவுஸில் ஒவ்வொரு ஈவென்ட்டையும் தனித்தனியாக இன்சர்ட் செய்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு இன்சர்ட்டும் டிஸ்க்கில் ஒரு புதிய துண்டு. ஒன்றுசேர்க்கும் வேகத்தைத் துண்டுகள் முந்தினால் சர்வர் எழுத மறுக்கும். குறைந்தது ஆயிரம் வரிசையாவது சேர்த்து எழுத வேண்டும். வெப்சாக்கெட்டில் 50,000 பேர் இணைந்திருக்கிறார்கள், சர்வர் ரீஸ்டார்ட் ஆகிறது. எல்லோரும் ஒரே நொடியில் திரும்ப வந்து மோதினால்? மறு இணைப்பு நேரத்தைச் சிதறடிக்க வேண்டும். ஒரு பக்கம் 20 சர்வீஸ்களை அழைக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பி99 நன்றாக இருக்கிறது, ஆனாலும் பயனர்கள் மந்தம் என்கிறார்களே? இருபதில் ஒன்றாவது மந்தமான அந்த நூற்றில் ஒன்றில் சிக்கும் வாய்ப்பு சுமார் 18%.

நான்காவது சுற்று அவர் பார்த்த ஒரு விபத்தைப் பற்றி, ஒரு மணி நேரம். ஒரே ஒரு சம்பவம், அடி வரைக்கும். எப்படித் தெரியவந்தது, முதலில் எதைச் சந்தேகித்தீர்கள், அது தவறு என்று எது காட்டியது, அன்றிரவு எதை மாற்றினீர்கள், அடுத்த வாரம் எதை மாற்றினீர்கள், எதை மாற்றவேண்டாம் என்று விட்டீர்கள். வாடிக்கையாளர் போன் செய்துதான் தெரிந்தது என்றால், அதற்குப் பிறகு எந்த அலர்ட் வைத்தார் என்று கேளுங்கள். லேக் எத்தனை மெசேஜ் என்று அலர்ட் வைப்பவரைவிட, லேக் எத்தனை வினாடி என்று வைப்பவர் பயனரை நினைத்து வேலை செய்தவர்.

மதிப்பெண்

ஒவ்வொரு சுற்றுக்கும் நல்ல பதில், நடுத்தரப் பதில், மோசமான பதில் எப்படி இருக்கும் என்று நேர்காணலுக்கு முன்பே ஒரு பக்கம் எழுதி வையுங்கள். சுற்று முடிந்ததும் ஒவ்வொருவரும் தனியாக மதிப்பெண்ணையும் காரணத்தையும் எழுதிய பிறகுதான் கூடிப் பேச வேண்டும். முதலில் பேசுபவர் பக்கம் எல்லோரும் சாய்ந்துவிடுவது மனித இயல்பு, அதிலும் முதலில் பேசுபவர் மேலாளராக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

உங்கள் டீமில் ஸ்ட்ரீமிங் தெரிந்தவர் யாருமே இல்லை என்றால், தெரிந்த ஒருவரை வெளியிலிருந்து டிசைன் சுற்றுக்கு மட்டும் காசு கொடுத்துக் கூட்டி வாருங்கள். வாட்டர்மார்க் என்ற சொல்லைத் தன்னம்பிக்கையோடு உச்சரிப்பவருக்கும் அதில் கை சுட்டவருக்கும் உள்ள வித்தியாசம் புதியவர் காதுக்குக் கேட்காது.

தவறான ஆளை எடுக்கவைக்கும் பொறிகளில் முக்கியமானது சரளம். டூலின் உள்ளமைப்பை ஒப்பிப்பவர் டூல் நிபுணர். அது மதிப்புள்ளதுதான், ஆனால் சீனியர் என்பதற்கு அது மட்டும் போதாது. 'இதற்கு ஸ்ட்ரீமிங் வேண்டாம், ஐந்து நிமிட பேட்ச் போதும்' என்று டிசைன் சுற்றின் ஏதோ ஒரு மூலைக்காவது சொல்கிறாரா பாருங்கள். மறுபக்கம், மெதுவாகப் பேசி, நடுவில் 'இல்லை, நான் சொன்னது தப்பு' என்று திருத்திக்கொள்பவருக்கு மதிப்பெண் குறைப்பது பரவலான தவறு. இரவு இரண்டு மணிக்கு உங்களுக்கு அந்த ஆள்தான் வேண்டும்.

ஆஃபரும் முதல் தொண்ணூறு நாளும்

கடைசிச் சுற்று முடிந்து மூன்று வேலைநாளுக்குள் முடிவைச் சொல்லிவிடுங்கள். முன்னாள் சகாக்களிடம் விசாரிக்கும்போது 'நல்லவரா?' என்று கேட்டால் 'நல்லவர்' என்றுதான் வரும். 'அவர் கட்டியதை அவர் போன பிறகு நீங்கள் பராமரித்தீர்களா, எப்படி இருந்தது?' என்று கேளுங்கள். ஆன்-கால் சுழற்சியில் அவர் ஒருவரே இருக்கப்போகிறார் என்றால் ஆஃபரை நிறுத்தி வைத்து முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஒற்றை ஆள் ஆன்-கால் ஒரு வருடம் தாங்காது. குறைந்தது நான்கு பேர் வேண்டும், மற்ற மூவருக்கு ஸ்ட்ரீமிங் தெரியாவிட்டாலும் ரன்புக் (கோளாறு வந்தால் படிப்படியாக என்ன செய்வது என்ற குறிப்பு) பார்த்து முதல் அரை மணியைச் சமாளிக்கத் தெரிந்தால் போதும்.

சேர்ந்ததும் 'எல்லாவற்றையும் புதிதாகக் கட்டுங்கள்' என்று கொடுக்காதீர்கள். முதல் வாரம் புரொடக்‌ஷனைப் படிக்கும் அனுமதி. ஒரு ஈவென்ட்டைப் பிறந்த இடத்திலிருந்து திரை வரை கையால் தொடர்ந்து போய், எந்தக் கட்டத்தில் எத்தனை மில்லிசெகண்ட் என்று அவரே எழுதட்டும். முதல் மாதத்துக்குள் தாமதமும் லேக்கும் வினாடியில் தெரியும் டாஷ்போர்டும் அலர்ட்டும். இரண்டாவது மாதத்தில் ஒரு சிறிய பைப்லைன் முழுக்க அவர் பொறுப்பு, ரன்புக்கோடு. மூன்றாவது மாதத்தில் ஒரு ஒத்திகை: பகல் நேரத்தில், எல்லோருக்கும் சொல்லிவிட்டு, அந்தப் பைப்லைனை அரை மணி நேரம் நிறுத்துங்கள். பிறகு முந்தைய நாளின் டேட்டாவை மறுபடி ஓட்டச் சொல்லி, பழைய மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். அன்று கீபோர்டில் உட்கார வேண்டியவர் புதிதாக வந்த சீனியர் அல்ல. அவர் எழுதிய ரன்புக்கை வைத்துக்கொண்டு டீமில் வேறு ஒருவர்.